அமெரிக்கச் சாப்பாட்டில் யார் ராஜ்ஜியம்?

கேள்வி: அமெரிக்க உணவு உலகத்தில் நிஜமான செல்வாக்கு யாருக்கு? பிரபல ஷெஃப்களுக்கா, பத்திரிகை விமர்சகர்களுக்கா?

பதில்: இரண்டு பேருக்குமே இல்லை. மொத்தமாக வாங்குகிறவர் யாரோ அவர் வைத்ததுதான் சட்டம். அந்த நாட்டில் மளிகைக்குச் செலவாகும் நாலு டாலரில் ஏறக்குறைய ஒரு டாலர் வால்மார்ட்டுக்குப் போகிறது, அப்புறம் பிஸ்கெட் என்ன விலைக்கு, எந்த அளவு பாக்கெட்டில் வர வேண்டும் என்பதில் தயாரிக்கிறவரைவிட வால்மார்ட்டின் கொள்முதல் அதிகாரி பேச்சுதானே எடுபடும்? உணவகங்களுக்குச் சரக்கு போடுவதில் ஹூஸ்டனில் இருக்கும் சிஸ்கோதான் பெரிய கை (கம்ப்யூட்டர் நெட்வொர்க் சிஸ்கோ இல்லை, இது வேறு). உணவகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று லட்சக்கணக்கான சமையலறைகளுக்கு அதன் லாரி போகிறது. அடுத்த பெரிய போட்டியாளரான யுஎஸ் ஃபுட்ஸையும் வளைத்துப் போடப் பார்த்தார்கள், 2015-ல் நீதிமன்றம் குறுக்கே நின்றதால் கைவிட்டார்கள். மாட்டிறைச்சியில் நிலைமை இன்னும் மோசம். தீனி போட்டுக் கொழுக்க வைத்த மாடுகளில் சுமார் 85 சதவீதம் டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்ற நாலே கம்பெனிகளுக்குத்தான் போகின்றன. மாடு வளர்க்கிறவர் விலை படியவில்லை என்றால் வேறு யாரிடம் போவார்?

இந்தச் சூட்சுமத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் ஃப்ளோரிடாவின் இம்மோகலியில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள். தோட்ட முதலாளிகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு, அந்தத் தக்காளியை வாங்குகிற டாக்கோ பெல் என்ற துரித உணவுக் கம்பெனி பக்கம் திரும்பி, 2001-ல் அதைப் புறக்கணிக்கச் சொல்லிக் கிளம்பினார்கள். 2005-ல் கம்பெனி இறங்கி வந்தது. தொழிலாளர்கள் கேட்டது, பறிக்கும் தக்காளியில் ஒரு பவுண்டு எடைக்கு ஒரே ஒரு சென்ட் கூடுதல்! 2007-ல் மெக்டொனால்ட்ஸ், 2014-ல் வால்மார்ட் என்று ஒவ்வொருவராக ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அதில் கூலியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: தொழிலாளர்களைக் கொடுமைப்படுத்தித் தகுதி இழக்கும் தோட்டத்திடம் இந்தக் கம்பெனிகள் தக்காளி எடுக்கக் கூடாது. முதலாளிக்கு அதுதான் உறைத்தது.

கேள்வி: அப்படியானால் ஷெஃப், விமர்சகர் எல்லாம் சும்மாவா?

பதில்: சும்மா இல்லை, ருசியை மாற்றுவார்கள், ஆனால் மெதுவாக. 1963-ல் டிவியில் பிரெஞ்சு சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த ஜூலியா சைல்டும், 1971-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் செ பனீஸ் உணவகத்தைத் திறந்து, பக்கத்தில் விளைந்ததை அந்தந்தப் பருவத்தில் சமைத்த ஆலிஸ் வாட்டர்ஸும் அப்படித்தான். விமர்சகர் கதை வேறு. நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் கை ஃபியரி என்ற டிவி சமையல்காரர் திறந்த உணவகத்தை 2012-ல் நியூயார்க் டைம்ஸின் பீட் வெல்ஸ் கிழி கிழியென்று கிழித்தார், ஊரே படித்துச் சிரித்தது, கடை என்னவோ 2017 கடைசிவரை ஓடியது.

கேள்வி: அரசாங்கம் தலையிடாதா?

பதில்: தலையிடும், விட்டால்தானே! பள்ளிச் சாப்பாட்டில் பீட்சா மேலுள்ள கொஞ்சம் தக்காளி விழுதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கும் சலுகையை விவசாயத் துறை எடுக்கப் பார்த்தது. உறையவைத்த பீட்சா விற்கும் கம்பெனிகள் முண்டியதில் 2011-ல் நாடாளுமன்றமே அதைத் தடுத்துவிட்டது. கலிஃபோர்னியா கெட்டி. குறுகிய கூண்டில் அடைத்த பன்றியின் இறைச்சியை மாநிலத்துக்குள் விற்கக் கூடாது என்று 2018-ல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டார்கள், பன்றி வளர்ப்போர் வழக்கு 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வேறு மாநிலமான அயோவாவின் பண்ணைக்காரரும் கலிஃபோர்னியாவில் விற்க வேண்டுமானால் தாய்ப்பன்றிக்கு 24 சதுர அடி விட்டாக வேண்டும்.