மடியில் கட்ட முடிந்த கல்லும் முடியாத கல்லும்

அண்ணாச்சிக்கு வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டில் நடந்த போரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வைரம்தான் அந்த நாட்டைப் பதினோரு வருஷம் எரித்தது என்கிறீர்கள். அதே ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவிலும் வைரம்தானே கிடைத்தது? அங்கே ஏன் சண்டை வரவில்லை? தலைவர் நல்லவர் என்பது மட்டும்தான் காரணமா? எங்கள் ஊரில் கல்குவாரி வந்து ரோடு போனதுதான் மிச்சம். கல் கிடைக்கிற ஊர் உருப்படாது என்று பெரியவர்கள் சொல்வது சரிதானோ என்று தோன்றுகிறது.
— அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தலைவர் நல்லவர் என்பது பாதி விடை. கல் தரைக்குள் எப்படிக் கிடக்கிறது என்பது மீதிப் பாதி. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

சியரா லியோனின் கிழக்கே கோனோ மாவட்டத்தில் வைரம் ஆற்றுச் சரளையோடு கலந்து கிடக்கிறது. மேல்மண்ணை மண்வெட்டியால் தள்ளிவிட்டு, சரளையை அள்ளி, வட்டச் சல்லடையில் போட்டுத் தண்ணீருக்குள் சுழற்றுவார்கள். வீட்டில் அரிசியில் கல் அரிக்கிற அதே வித்தை. சாதாரண வெண்கல்லின் அடர்த்தி 2.65, வைரத்தினுடையது 3.5. சுழற்றச் சுழற்றக் கனமானது அடியில், நடுவில் போய் உட்காரும். சல்லடையைத் தரையில் அப்படியே கவிழ்த்தால் அடியில் கிடந்தது மேலே வந்துவிடும். நடுவட்டத்தில் கண்ணை ஓட்டிப் பொறுக்க வேண்டியதுதான். கரண்டும் வேண்டாம், இன்ஜினியரும் வேண்டாம். துப்பாக்கி வைத்திருப்பவன் பத்துப் பேரை மிரட்டித் தண்ணீரில் இறக்கினால் போதும். 1991 மார்ச்சில் பக்கத்து நாடான லைபீரியாவின் எல்லை வழியாக நுழைந்த ஆர்.யூ.எஃப். என்ற கலகப் படை அதைத்தான் செய்தது.

எடுத்த கல்லை மடியில் கட்டிக்கொண்டு எல்லை தாண்டிவிடலாம். லைபீரிய மண்ணில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் காரட்டுக்கு மேல் தேறாது என்பது அன்றைய மதிப்பீடு. 1994 முதல் 1998 வரை லைபீரிய வைரம் என்று சொல்லி பெல்ஜியத்தில் இறங்கியதோ 3 கோடியே 10 லட்சம் காரட்! எல்லாம் கோனோவில் எடுத்தது என்று சொல்ல மாட்டேன். அந்த முத்திரையின் கீழ் யார் யாரோ வந்து விற்றார்கள்.

போட்ஸ்வானாவின் ஒராபாவிலும் ஜ்வானெங்கிலும் வைரம் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறைக்குள் இருக்கிறது. வெடி வைத்து உடைத்து அரைத்தால் டன்னுக்கு ஏறத்தாழ ஒரு காரட். முதல் போட்டு, மிஷின் இறக்கி, வேலி கட்டி, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளியே வர வாசலும் ஒன்றுதான். அந்த வாசலில் அரசாங்கம் நின்றுகொண்டது.

தலைவர் பாதி இங்கேதான் வருகிறது. 1967 சட்டம் கனிம உரிமையைக் குலங்களிடமிருந்து எடுத்து அரசுக்கு மாற்றியது. ஒராபா இருப்பது அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குலத்து மண்ணில். டி பியர்ஸ் கம்பெனியின் வைரத் தொழிலில் அரசின் பங்கு 15 சதவீதத்திலிருந்து 1975இல் 50 ஆனது. அதற்காகப் போட்ஸ்வானாவை சொர்க்கமாக்க வேண்டாம். ஏற்றத்தாழ்வு இன்றும் மோசம். வைரச் சந்தை சரிந்து கஜானா ஆடியபோது, 1966 முதல் ஆண்ட கட்சி 2024 தேர்தலில் வீட்டுக்குப் போனது.

2003இல் கிம்பர்லி சான்றிதழ் வந்தது. நம்மூர் பாஷையில் சொன்னால் அது வைரத்துக்கு நடைச்சீட்டு, அதாவது சரக்கோடு கூடவே போகிற அனுமதிச் சீட்டு. ஓட்டையும் நம் நடைச்சீட்டில் இருக்கிற ஓட்டைதான். பல இடத்துக் கல்லை ஒன்றாகக் கலந்துவிட்டால் எது எங்கே எடுத்தது என்று யாரும் பிரிக்க முடியாது. இன்னொன்று, கலகக்காரன் விற்றால் மட்டுமே அது 'ரத்த வைரம்'. 2008இல் ஜிம்பாப்வேயின் மராங்கேயில் அரசுப் படையே தோண்டுகிறவர்களைச் சுட்டது. அந்த வரையறைக்குள் அது வரவில்லை.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். தாமிரபரணி மணல் கோனோ ஜாதி: மண்வெட்டியும் மாட்டுவண்டியும் ராத்திரியும் போதும். குவாரிக் கல் ஒராபா ஜாதி. மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது, லாரியில்தான் போயாக வேண்டும். ஆகவே அங்கே கணக்கு தப்பினால் பழியைக் கல்லின் மேல் போடாதீர்கள். வாசலில் ஆள் இல்லை, அல்லது இருந்தும் பார்க்கவில்லை.

2015இல் திருத்திய கனிமச் சட்டப்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவழிக்க மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு. அதற்குக் கட்ட வேண்டியது, நிலக்கரி, இரும்புத்தாது போன்ற பெருங்கனிமம் என்றால் பழைய குத்தகைக்கு ராயல்டியில் (அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகையில்) 30 சதவீதம், 2015 ஜனவரி 12க்குப் பிந்தைய குத்தகைக்கு 10. குவாரிக் கல் சிறுகனிமம். அதற்கு மாநில அரசின் விதி தனி. சியரா லியோனும் 2001இல் இப்படி ஒன்று செய்தது: 3 சதவீத ஏற்றுமதி வரியில் கால்பங்கு ஊர்களுக்கு. ஊரில் இருந்த சுரங்க உரிமங்களின் எண்ணிக்கையை வைத்துப் பங்கு பிரித்தார்கள். உரிமம் கூடினால் பங்கும் கூடும் என்றால் ஊர்த்தலைவர் எதை ஊக்குவிப்பார்?

அதனால் எவ்வளவு பணம் வந்தது என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பாதிக்கப்பட்ட ஊர்ப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா, உங்கள் ரோடு எந்த வருஷக் கணக்கில் வருகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதிலைக் கிராம சபையில் வாசியுங்கள். நடைச்சீட்டில் மூன்று கேளுங்கள்: எவ்வளவு கல், எந்த ஊருக்கு, கிளம்பிய நேரம். லாரிக்காரர் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி. லாரித் தொட்டியின் நீள, அகல, உயரத்தை அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் எத்தனை யூனிட் ஏற்றியது என்று தெரிந்துவிடும். காலையில் போட்ட சீட்டோடு சாயங்காலமும் அதே லாரி பாரத்தோடு உங்கள் தெருவைத் தாண்டினால், அது இரண்டாம் நடை.