பாதிச் சாப்பாடு போட்டும் நாய் இளைக்கவில்லையா?

கேள்வி: ஐயா, பண்ணைக் காவலுக்கு ஒரு லாப்ரடார் நாயும், கிடங்கில் எலி பிடிக்க ஒரு பூனையும் வளர்க்கிறோம். கருத்தடை செய்த பிறகு நாய் 30 கிலோவிலிருந்து 38 கிலோ ஆகிவிட்டது. பூனை 5 கிலோவிலிருந்து ஆறரை. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தேன். நாய் இளைக்கவில்லை. பூனை நேற்றிலிருந்து தட்டையே தொடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பூனையைக் கவனியுங்கள். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்துவிடும். காமாலை கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இன்றே பழைய உணவைப் பழைய அளவில் வையுங்கள். அப்போதும் வாய் வைக்காவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். கோபித்துக்கொண்டது என்று நினைக்காதீர்கள், வேறு நோயும் இருக்கலாம்.

அடுத்து நாய். கருத்தடைக்குப் பிறகு உடம்புக்கு வேண்டிய தீனி குறையும், பசியோ கூடும். லாப்ரடாரில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியை அடங்கவிடாத மரபணு மாற்றமே உண்டு. சரி, பாதியாக்கியும் ஏன் இளைக்கவில்லை? எனக்கு முதல் சந்தேகம் வீட்டு ஆட்கள் மேல்தான். ஆளுக்கொரு கை போடுவார்கள், பூனை விட்ட மிச்சத்தையும் நாய் நக்கிவிடும். எல்லாரையும் உட்காரவைத்து, ஒரு நாளில் யார் யார் என்ன போட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அதில் ஒன்றும் அகப்படாவிட்டால் தைராய்டு குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அளவைத் தற்போதைய எடைக்கு அல்ல, இருக்கவேண்டிய எடைக்குக் கணக்கிட வேண்டும். 30 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 900 கிலோ கலோரி, 5 கிலோ பூனைக்குச் சுமார் 190 என்று தொடங்கலாம். பையில் 100 கிராமுக்கு 300 என்று அச்சிட்டிருந்தால் நாய்க்கு 300 கிராம். கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கோப்பை அளவு ஆளுக்கு ஆள் மாறும். நொறுக்குத் தீனியும் இந்தக் கணக்குக்குள்தான், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வழக்கமான உணவையே வெட்டிக்கொண்டு போனால் புரதமும் வைட்டமினும் சேர்ந்து குறையும். எடை குறைப்புக்கென்றே வரும் உணவுக்கு மாற்றுவது நல்லது. பூனைக்கு ஒரு வாரமாவது பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள். தட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இத்தனை எடையோடு நாயை ஓடவிட்டால் மூட்டு கெடும். மெதுவான நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

நாய் வாரத்துக்கு 400 முதல் 700 கிராம் குறைந்தால் போதும். பூனைக்கு 30 முதல் 60 கிராம்தான். தூக்கிக்கொண்டு நின்று பார்க்கும் தராசில் அது தெரியாது, குழந்தைகளை நிறுக்கும் தராசு வேண்டும். நாய்க்கு நாலைந்து மாதம், பூனைக்கு அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். விலாவைத் தடவும்போது, விரித்த கையின் புறங்கை எலும்புபோல் அழுத்தாமலே தட்டுப்பட்டால் அந்த எடையில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு மாதமாகியும் தராசு அசையவில்லையென்றால், நீங்களாக இன்னும் குறைக்காமல், எழுதிவைத்த கணக்கோடு மருத்துவரைப் பாருங்கள்.