ஓடி நின்றதும் இளைக்கிறதா? ஓட்டத்தை விடாதீர்கள், விட்ட மருந்தைத் தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. எடை கூடிவிட்டதால் மூன்று மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். டிரெட்மில்லில் ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. இறங்கி ஐந்து, பத்து நிமிடத்தில் இருமல், நெஞ்சு இறுக்கம், கீச்சுச் சத்தம். இன்ஹேலரை இரண்டு பஃப் அடித்தால் அடங்குகிறது. இப்போதெல்லாம் தினமும் கிளம்பும்போதே அடித்துக்கொண்டுதான் போகிறேன். டாக்டர் கொடுத்த இன்னொரு இன்ஹேலரை, தொந்தரவு இல்லையே என்று நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. இன்ஹேலர் பழகினால் நுரையீரல் சோம்பேறியாகிவிடும், மூச்சுப் பயிற்சிக் கருவியும் ஒரு பொடியும் தருகிறேன் என்கிறார் ஜிம் பயிற்சியாளர். வீட்டில் ஓடவே வேண்டாம் என்கிறார்கள். என் அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்). மூச்சு வாங்கும் என்ற பயத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: முதலில் உங்கள் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி, பெண்களுக்கான உலக சாதனை படைத்தவர் பவுலா ராட்கிளிஃப். அவருக்கு ஆஸ்துமா உண்டு. அந்தச் சாதனை 16 வருடம் அசையாமல் நின்றது. நீங்கள் ஓட நினைப்பது டிரெட்மில்லில் அரை மணி நேரம். தாராளமாக ஓடலாம். ஆனால் இப்போது ஓடுகிற மாதிரி வேண்டாம்.

உங்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சும்மா இருக்கும்போது மூக்கு வழியாக மூச்சு விடுகிறோம். மூக்கு அந்தக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. ஓடும்போது வாயைத் திறந்து வேகவேகமாக இழுக்கிறோம். வறண்ட காற்று நேராக மூச்சுக்குழலுக்குள் போய் அங்கிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஏற்கெனவே உள்ளே வீங்கிச் சிவந்து கிடக்கும் குழல் அந்த வறட்சி தாங்காமல் சுருங்குகிறது. நின்ற பிறகு 5 முதல் 10 நிமிடத்தில் இது உச்சத்துக்கு வரும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகிறது.

"ஏற்கெனவே வீங்கிச் சிவந்து" என்றேனே, உங்கள் பிரச்சினையே அங்கேதான். மழைக்காலத்தில் மரக்கதவு ஊறி இறுகிக்கொள்ளும். தோளால் ஓர் இடி இடித்தால் அப்போதைக்குத் திறக்கும். நீங்கள் அடிக்கும் அந்த இரண்டு பஃப் சால்பியூட்டமால் அந்த இடிதான். மரம் ஊறாமல் பார்த்துக்கொள்வது, ஒரு வருடம் முன்பு நீங்கள் நிறுத்திய இன்ஹேலரின் வேலை. அதில் குறைந்த அளவு ஸ்டீராய்டு இருக்கும். அடித்தவுடன் எதுவும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் முதலில் அதை நிறுத்துகிறார்கள். ஒழுங்காக நாலு வாரம் எடுத்துவிட்டு ஓடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இந்தப் "பழகிப்போகும்" பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஆனால் தப்பான இன்ஹேலர் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சால்பியூட்டமாலை மட்டும் தினமும் அடித்துக்கொண்டே இருந்தால், உடற்பயிற்சிக்கு முன் அது தரும் பாதுகாப்பு மெல்லமெல்ல மங்கும். நீங்கள் நிறுத்திய ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு இந்தக் குறை கிடையாது. ஆக, கவனமாக இருக்க வேண்டியதைப் பையில் வைத்துக்கொண்டு, பயப்பட வேண்டாததைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். 2019-இல் ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டுதலான ஜினாவே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சால்பியூட்டமால் போன்ற மருந்தை மட்டும் கொடுத்து வைத்தியம் பார்க்கக் கூடாது. சொல்லி இத்தனை வருடமாகியும் வெறும் சால்பியூட்டமாலோடு வருகிறவர்கள் குறையவில்லை.

ஓடப் போகும் முன் சால்பியூட்டமால் அடிக்கலாமா என்றால், அடிக்கலாம். 10, 15 நிமிடம் முன்னால் அடித்தால் இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். ஆனால் தினமும் அது இல்லாமல் ஓட முடியவில்லை என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். மூச்சுக்குழலை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் ஸ்டீராய்டும் சேர்ந்த ஒரே இன்ஹேலர் இருக்கிறது. தினசரிக்கும், அவசரத்துக்கும், ஓட்டத்துக்கு முன்பும் அதையே பயன்படுத்தும் முறை உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்ஹேலருக்குப் பயந்து மாத்திரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். மாத்திரை 4 மில்லிகிராம். அதாவது 40 பஃப். அது வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்து, கடைசியில் நுரையீரலுக்குப் போகும். எது "வீரியமான மருந்து" என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, அந்தப் பொடிக்கு வருவோம். உங்கள் பயிற்சியாளர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அவரிடம் யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலம், சாப்பிட்ட மூன்றாம் நாளே மூச்சு லேசாகிறது, பசி எடுக்கிறது, "அற்புதமாக வேலை செய்கிறது" என்கிறார்கள் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். இப்படிப்பட்ட பொடிகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரியான ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்து விற்பது பழைய தந்திரம். இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் ஸ்டீராய்டுக்குப் பயந்து, பொடியில் மில்லிகிராம் கணக்கில் விழுங்குகிறார்கள். சில மாதத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்து வருவார்கள். ஏற்கெனவே பல வாரமாகச் சாப்பிடுகிறவர் யாராவது இதைப் படித்தால், பயந்துபோய் இன்றே நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

மூச்சுப் பயிற்சிக் கருவி மூச்சுத் தசையைப் பலப்படுத்தும். மூச்சுக்குழல் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. டப்பாவில் அடைத்த ஆக்சிஜன், நுரையீரலைச் "சுத்தம் செய்யும்" பேக்கேஜ் எல்லாம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். நடுவில் நிற்பவர்களுக்குக் கமிஷன் போகும், உங்கள் இளைப்பு போகாது.

ஓடும் முறையை மாற்றுங்கள். ஏறியவுடன் வேகம் பிடிக்காமல், 10 முதல் 15 நிமிடம் மெதுவாகத் தொடங்கி, நடுநடுவே அரை நிமிடம் வேகமாக ஓடி, மறுபடி தணியுங்கள். இப்படி உடம்பைச் சூடேற்றினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் குழல் சுருங்குவது குறைகிறது. முடிக்கும்போதும் சட்டென்று இறங்காதீர்கள். சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் ஓய்வு. புகை, தூசி இருந்தால் வெளியே ஓட வேண்டாம். இன்ஹேலர் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், லாக்கரில் பூட்டி வைத்தால் பிரயோசனமில்லை. அப்புறம், உடம்பு வலிக்கு யோசிக்காமல் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அதுவே இளைப்பைக் கிளப்பிவிடும்.

மீறி வந்துவிட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். சால்பியூட்டமால் ஒவ்வொன்றாக 4 பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) இருந்தால் அதன் வழியாக. 4 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் இன்னொரு 4. அதற்கும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், முதலிலேயே கூப்பிட்டுவிட்டு அடியுங்கள்.

இதையெல்லாம் கேட்டு நடந்தும் சரியாகாத ஒரு கூட்டம் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை என்றே நினைக்கிறேன், ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. ஓட்டத்தின் உச்சத்திலேயே மூச்சு அடைக்கும், நின்ற சில நிமிடத்தில் சரியாகிவிடும், இன்ஹேலர் அடித்தும் அடிக்காமலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கே இறுக்குகிறது என்று கேட்டால் கை நெஞ்சுக்குப் போகாது, தொண்டைக்குப் போகும். சத்தம் மூச்சை விடும்போது வராமல் இழுக்கும்போது வரும். இவர்களில் பலருக்குப் பிரச்சினை நுரையீரலிலேயே இல்லை. திறக்க வேண்டிய நேரத்தில் குரல்வளை மூடிக்கொள்கிறது. பதின்வயதுப் பெண்கள், தீவிரமாக விளையாடும் பிள்ளைகள் இதில் நிறைய. இவர்களுக்கும் ஆஸ்துமா என்று பெயர் வைத்து, கேட்கவில்லை என்று மருந்தை ஏற்றி, அப்புறம் "மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். கை எங்கே போகிறது என்று கவனிக்க ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடம் எங்கள் புறநோயாளிப் பிரிவுகளில் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி இருந்தால், அந்த நேரத்தில் போனில் வீடியோ எடுங்கள், சத்தத்தோடு. ஓடும்போதே தொண்டைக்குள் குழாய்க் கேமரா வைத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். வைத்தியம் பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளும் மூச்சு முறைதான். ஆஸ்துமாவும் இதுவும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அவர்கள் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

இனி அப்பா. அவர் உட்கார்ந்திருப்பது அவரைக் காப்பாற்றவில்லை. உட்கார உட்காரக் கால் தசை கரைகிறது. கரைந்த கால் அதே பத்தடிக்கு அதிக மூச்சு கேட்கிறது. நுரையீரலில் போனது திரும்பாது, ஆனால் கால் தசையைத் திரும்பப் பெறலாம். இரண்டு நிமிடம் நடை, இரண்டு நிமிடம் நாற்காலி என்று தொடங்கட்டும். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஊதச் சொல்லுங்கள். மூச்சு வாங்குவதை 0 முதல் 10 வரை அவரே மதிப்பிடட்டும். 3, 4 வந்தால் பரவாயில்லை, அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் நல்ல பயிற்சி.

தொடங்கும் முன் 6 நிமிட நடைப் பரிசோதனை கேளுங்கள். விரலில் ஆக்சிமீட்டரோடு நடக்கவைத்துப் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது 95 காட்டுகிறவருக்கு நடக்கும்போது இறங்கலாம். நுரையீரல் தழும்பு நோயில் இது இன்னும் அதிகம். 88-க்குக் கீழே போனால் நிறுத்தி, டாக்டரைக் கேட்ட பிறகுதான் தொடர வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் இதயத்தையும் பார்க்க வேண்டும். யாராவது ஆக்சிஜன் இயந்திரம் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆக்சிஜனும் மருந்துதான். சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு அளவு மீறினால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வரை போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்கு அது மூச்சு வாங்குவதையும் பெரிதாகக் குறைக்காது.

சி.ஓ.பி.டி.-க்கு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. வாரம் இரண்டு, மூன்று முறை, 6 முதல் 12 வாரம். மூச்சு வாங்குவதைக் குறைத்து, நடக்கும் தூரத்தைக் கூட்டுவதில் அதற்கு இருக்கும் சான்று பல மருந்துகளுக்குக் கிடையாது. ஆனால் சீட்டில் நாலு மருந்து எழுத நேரமிருக்கும் எங்களில் பலருக்கு அந்த ஒரு வரியை எழுதத் தோன்றுவதில்லை. "கொஞ்சம் நடங்க" என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு பேருடைய இன்ஹேலர்களையும் எடுத்துப் போய், அவர் கண்முன்னே ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். குலுக்காமல் அடிப்பது, மூச்சை இழுக்கும் முன்பே அழுத்துவது, பத்து நொடி அடக்காமல் விட்டுவிடுவது என்று பாதி மருந்து நாக்கில்தான் படிகிறது. ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதிச் செய்யும் நுரையீரல் பரிசோதனை) கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று அவர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பொடியை ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.