பெட்டிக்குள் இல்லாதது: வீட்டுக் கைவேலைகள் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கைவேலை சம்பந்தப்பட்டவை. குட்டி உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் தொடங்கி கொல்லைப்புறக் கோழி வரைக்கும் போகின்றன. செட்டில் என்னென்ன வருகிறது என்று எல்லோரும் அக்கறையாகப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். என்ன வரவில்லை என்பதைச் சொல்லும் வேலை எனக்கு.

கேள்வி: மேசை விளையாட்டு மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொள்ள ஆசை. 60 வண்ணங்கள், 15 பிரஷ்கள் கொண்ட பெரிய செட் தள்ளுபடியில் வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். 60 புட்டிகளில் 40-ஐத் திறக்கவே மாட்டீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை, ஒரு பழுப்பு, ஒரு தோல் நிறம் இருந்தால் மற்றவற்றைக் கலந்துகொள்ளலாம். வெள்ளி, தங்கம் போன்ற உலோக நிறங்களைக் கலந்து உண்டாக்க முடியாது. அவற்றை மட்டும் தனியாக வாங்குங்கள். கூடவே ஒரு பழுப்பு 'வாஷ்'. தண்ணீர் போல ஓடும் இந்த மை, துணி மடிப்பிலும் கவச இடுக்கிலும் தானே போய்த் தங்கி நிழல் விழுந்தது போல ஆக்கிவிடும். ஆரம்பக்காரரின் பாதிக் குறையை அதுவே மறைக்கும். ஆகப் பத்துப் புட்டிகள்.

மூடி திறந்து முக்குகிற டப்பாவைவிட, சொட்டுச் சொட்டாக விடும் மூக்குள்ள புட்டி நல்லது. டப்பாவின் விளிம்பில் வண்ணம் காய்ந்து ஒட்டி, மூடி சரியாக உட்காராமல், மிச்சமும் கட்டியாகிவிடும்.

அந்த 15 பிரஷ்களில் குறைந்தது பத்து மயிரிழை மாதிரி இருக்கும். நானும் ஆரம்பத்தில் கண் வரைவதற்கென்று 000 எண் பிரஷ் தேடி வாங்கினேன். 28 மி.மீ. உருவத்தின் தலையே மிளகு அளவுதான், அதற்கேற்ற பிரஷ் வேண்டாமா என்ற கணக்கு. ஆனால் அந்தப் பிரஷ்ஷில் வண்ணம் நிற்க இடமே இல்லை. தட்டிலிருந்து முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். காய்ந்ததை அழுத்தினால் கண் இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. முனை ஒன்றாகக் கூர்ந்து சேரும் 1 அல்லது 2 எண் பிரஷ் ஒன்றே போதும். நுனிதான் வரைகிறது, வயிறு வண்ணத்தைப் பிடித்துவைக்கிறது. முடியைப் பிடித்திருக்கும் உலோக வளையம் வரை வண்ணம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். வாயில் வைத்து நுனி கூர்மையாக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

சரி, செட்டில் என்ன இல்லை? பெரும்பாலும் பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, இருக்காது. அது இல்லாமல் அக்ரிலிக் வண்ணம் அடித்தால் விரல் பட்ட இடமெல்லாம் உரிந்து வரும். ஸ்பிரே பிரைமராக இருந்தால் திறந்த வெளியில், ஈரப்பதம் குறைவான நாளில் அடியுங்கள். ஈரக்காற்றில் அடித்து, உருவத்தின் மேல் மணல் தூவியது போல ஆன அனுபவம் எனக்கு உண்டு. பாகங்களை வெட்டியெடுக்கும் நிப்பரும் பசையும்கூடத் தனிச் செலவு. பசை வாங்குமுன் உருவம் எதனால் ஆனது என்று பாருங்கள். பிளாஸ்டிக் சிமெண்ட் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை லேசாக உருக்கி ஒன்றாக்கும். ரெசினிலும் உலோகத்திலும் அது வேலை செய்யாது. அவற்றுக்கு சூப்பர் க்ளூ. ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: கூட்டு நிதி தளத்தில் ஒரு விளையாட்டுக்கு முன்பணம் கட்டினேன். சொன்ன தேதி போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. கடையில் கேட்பது போலப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைப்பது விளையாட்டைத் தயாரிப்பவர்கள் மனத்தைப் பொறுத்தது. இப்படிப்பட்ட தளங்களில் ஒன்றான, 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர், தான் ஒரு கடை அல்ல என்று 2012-லேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. நீங்கள் கட்டியது பொருளின் விலை அல்ல, ஒரு முயற்சிக்குக் கொடுத்த ஆதரவு. எட்டு மாதத் தாமதம் இந்த உலகில் அபூர்வமும் இல்லை. அச்சு வார்ப்பது, கப்பல், சுங்கம் என்று ஒவ்வொரு கட்டமும் இழுக்கும். அவர்கள் கடைசியாக எப்போது நிலவரம் எழுதினார்கள் என்று பாருங்கள். படத்தோடு எழுதிக்கொண்டிருந்தால் பொறுங்கள். மாதக்கணக்கில் மௌனம் என்றால் இன்றே எழுத்தில் கேளுங்கள், அட்டை மூலம் கட்டியிருந்தால் வங்கியிடமும் பேசுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.

கேள்வி: காய்கறிக்காக 8 அடிக்கு 4 அடி, ஓர் அடி உயரத்தில் மேட்டுப்பாத்திச் சட்டம் வாங்கினேன். நிரப்ப எத்தனை மூட்டை மண் கலவை வாங்கவேண்டும்?

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எட்டு பெருக்கல் நான்கு பெருக்கல் ஒன்று, 32 கன அடி. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஆக 900 லிட்டர். 50 லிட்டர் மூட்டையில் 18. நனைந்து அமுங்குவதையும் சேர்த்தால் 20. பல வீடுகளில் சட்டத்தைவிட உள்ளே போகும் மண்ணுக்குத்தான் அதிகம் செலவாகிறது. யாரும் இதை விளம்பரத்தில் சொல்வதில்லை.

குறைக்க வழி உண்டு. அடியில் சிமெண்ட் தரை இல்லாமல் மண் தரையாக இருந்தால் ஓர் அடி முழுக்க நிரப்ப வேண்டியதில்லை. தரையைக் கடப்பாரையால் கிளறித் தளர்த்திவிட்டு அரை அடி நிரப்புங்கள்; வேர் கீழே தானே இறங்கிக்கொள்ளும். மூட்டையை விட்டு மொத்தமாக லோடு வாங்கினாலும் மலிவு. ஆனால் தொழுவுரமோ கம்போஸ்டோ கலந்த லோடாக இருந்தால், கொட்டச் சொல்லும் முன் மாதிரிக்கு ஒரு வாளி கேட்டு வாங்குங்கள். அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி அடித்த புல்லை மாடு தின்றால், மருந்து சாணத்தின் வழியே உரத்திலும் தங்கிவிடும். அந்த வாளி மண்ணை நாலு தொட்டியில் போட்டு பீன்ஸ் விதை ஊன்றி இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். இலைகள் கிண்ணம் போலக் குவிந்து சுருண்டால் லோடு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று: நாலு அடி அகலம் என்பது இரு பக்கமிருந்தும் கை எட்டும் கணக்கு. சுவரை ஒட்டி வைத்தால் பின்பாதி களைகளுக்குத்தான்.

கேள்வி: '6 கோழிகளுக்கு' என்று போட்ட கூண்டு பார்த்தேன். நம்பி வாங்கலாமா?

பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் உள்தரையை அளந்து பாருங்கள். சாதாரண அளவுக் கோழி ஒன்றுக்கு உள்ளே 4 சதுர அடி, வெளியே உலாவும் இடம் 8 முதல் 10 சதுர அடி என்பது வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆறு கோழிக்கு உள்ளேயே 24 சதுர அடி. நான் அளந்துபார்த்த ஒரு '6 கோழிக் கூண்டு' பத்துகூடத் தேறவில்லை, அதுவும் முட்டைப் பெட்டியைச் சேர்த்து. நெரிசலில் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும்.

வலையையும் பாருங்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான். நாய் கிழித்துவிடும், எலி நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, வெல்டு செய்த கம்பி வலைதான் வேண்டும். அப்புறம், குஞ்சாக வாங்கினால் முதல் முட்டைக்குச் சுமார் ஐந்து மாதம் தீவனம் போடவேண்டும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. வாங்குமுன் உங்கள் பகுதி விதிகளையும் விசாரியுங்கள். கோழிக்கு அனுமதி உள்ள பல இடங்களில் சேவலுக்கு இல்லை.

கேள்வி: ஸ்வெட்டர் பின்ன நூல் பத்தாமல் போய், அதே நிறம், அதே எண்ணில் மறுபடி வாங்கினேன். ஸ்வெட்டரின் கை மட்டும் வேறு சாயலாகத் தெரிகிறது. மாற்றித் தருவார்களா?

பழுது என்று வாதிட முடியாது. நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் ஒன்று இருந்திருக்கும். ஒரே தடவையில் சாயம் தோய்த்தவற்றுக்கே அது ஒன்றாக இருக்கும். பிரிக்காத உருண்டை இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கையைப் பிரித்து, பழையதில் இரண்டு வரி, புதியதில் இரண்டு வரி என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: போன வருடத்து விதைப் பாக்கெட்டுகள் மிச்சம் இருக்கின்றன. தூக்கிப் போட்டுவிடவா?

வெங்காய விதை ஒரு வருடத்திலேயே சோர்ந்துவிடும். தக்காளி விதை காய்ந்த, குளிர்ந்த இடத்தில் நாலைந்து வருடம் தாங்கும். சந்தேகமாக இருந்தால் ஈரக் காகிதத்தில் பத்து விதையைச் சுருட்டி, காயாமல் ஒரு வாரம் பத்து நாள் வையுங்கள். எட்டு முளைத்தால் வழக்கம் போல விதையுங்கள். நாலு முளைத்தால் இரட்டிப்பாகத் தூவித் தீர்த்துவிட்டு, அப்புறம் புதுப் பாக்கெட் வாங்குங்கள்.