மெட்டைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பேட் மெத்தினி குழுவின் 'தி ஃபால்கன் அண்ட் தி ஸ்நோமேன்' (1985) இசைத்தட்டைக் கேட்டேன். ஜாஸ் கிதார் கலைஞரின் தட்டில் கிதார் சோலோ ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: ஜான் ஷ்லெசிஞ்சர் இயக்கிய உளவுப் படத்தின் பின்னணி இசை அது. மெத்தினியும் கீபோர்டு கலைஞர் லைல் மேஸும் சேர்ந்து அமைத்தார்கள். குழுவோடு நேஷனல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவும் வாசித்திருக்கிறது. வசனத்துக்கு அடியில் நீண்ட சோலோ ஓடினால் காட்சி கெட்டுவிடும். அதனால் கைவித்தையை ஒதுக்கிவிட்டு மெட்டையே நம்பியிருக்கிறார்கள். குருமடத்தை விட்டு வந்தவன், வல்லூறு வளர்ப்பவன் கதாநாயகன் என்பதால் தட்டு பைபிளின் 121ஆம் சங்கீதத்தில் தொடங்கி அதிலேயே முடிகிறது.

ஒன்று செய்து பாருங்கள். மூன்றாவது தடமான 'கிறிஸ்' முடிந்ததும் நான்காவதைத் தாண்டி ஐந்தாவதை ஓடவிடுங்கள். அதே மெட்டுதான். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி வரிகள் எழுதிப் பாட, 'திஸ் இஸ் நாட் அமெரிக்கா' ஆகிவிட்டது. விற்பனைத் தரவரிசையில் பிரிட்டனில் 14ஆம் இடம், அமெரிக்காவில் 32ஆம் இடம் வரை போன பாட்டு. ஆனால் குரல் இல்லாத வடிவத்தில்தான் அந்த மெட்டின் சோகம் கூடுதல்.

கேள்வி: மெத்தினியின் வேறு பட இசை?

பதில்: 'எ மேப் ஆஃப் தி வேர்ல்ட்' (1999) கேளுங்கள், அக்கூஸ்டிக் கிதாரும் ஆர்கெஸ்ட்ராவும். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இசையமைத்த 'அண்டர் ஃபயர்' (1983) படத்தில் கிதார் மட்டும் மெத்தினி.

கேள்வி: மெத்தினியின் எக்காளம் போன்ற கிதார் சின்த் (கிதாரால் இயக்கும் சின்தசைசர்) ஒலியை வீட்டில் எடுக்க முடியுமா?

பதில்: முடியும். அவர் வாசித்தது ரோலண்டு ஜிஆர்-300, 24 பின் கேபிள் உள்ள கருவி. பின்னால் வந்த 13 பின் கிதாரை அதில் நேராகச் செருக முடியாது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஜிகே-3 பிக்கப்பும் அதை ஒலியாக்கும் ஜிஆர்-55 சின்த்தும் போதும். பிக்கப்பைப் பிரிட்ஜை ஒட்டிப் பொருத்துங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தும்போது கம்பிக்கும் பிக்கப்புக்கும் 1 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அதிகமானால் மெல்லிய மீட்டல் பதிவாகாது. குறைந்தால் கம்பி உரசும்.

பலர் பிசிஎம் ஒலியை (முன்பே பதிவுசெய்து வைத்த ஒலி) தேர்ந்தெடுத்துவிட்டு 'தாமதமாக ஒலிக்கிறது' என்கிறார்கள். அந்த ஒலி எழ, கருவி முதலில் சுருதியைக் கண்டுபிடிக்க வேண்டும்; அதற்குக் கம்பி ஒரு சுற்றாவது அதிர வேண்டும். தடித்த ஈ கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. ஒரு சுற்றுக்கே 12 மில்லிசெகண்டு போய்விடும். மாடலிங் பகுதியில் (வேறு கருவிகளின் ஒலியைப் போலச் செய்யும் பகுதி) உள்ள ஜிஆர்-300 ஒலி கம்பியின் அதிர்வையே நேராக எடுத்துக்கொள்வதால் விரலோடு ஒட்டி வரும். அதை ஒரு ஆக்டேவ் உயர்த்தி, ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்தும் ஃபில்டரைப் பாதிக்கு மேல் திறந்து, ஒரு நேரத்தில் ஒரே கம்பியை மட்டும் வாசியுங்கள்.