துருப்புச் சீட்டில் படை உண்டா?

கேள்வி: பாகப்பிரிவினைப் பேச்சின் கடைசியில் பழைய பத்திரம் ஒன்றை எடுத்துப் போட்ட எங்கள் பெரியப்பாவை, ‘துருப்புச் சீட்டை இறக்கிவிட்டார்’ என்று வீட்டில் சொன்னார்கள். துருப்பு என்றால் படை அல்லவா? சீட்டுக்கட்டுக்குள் படை எப்படி வந்தது?
– வாசகர், செல்லூர், மதுரை.

பதில்: படைக்கும் இத்தொடருக்கும் உறவில்லை. எல்லையில் குவிக்கப்படும் துருப்பு, ஆங்கில ‘ட்ரூப்’. சீட்டுத் துருப்பு வேறு வழியாக வந்து அதே உருவத்தில் நின்றுவிட்டது.

15ஆம் நூற்றாண்டு இத்தாலியில், வெற்றியைக் குறிக்கும் ‘ட்ரியோன்ஃபி’ என்ற பெயரில் ஒரு சீட்டாட்டம் வழங்கியது. அச்சொல்லின் வழிவந்தவையே ஆங்கில ‘ட்ரம்ப்’, போர்த்துக்கீசிய ‘ட்ருன்ஃபோ’, டச்சு ‘ட்ரூஃப்’ ஆகியவை. முதல் இரண்டிலும் மெல்லின ஒலி உண்டு. ஈழத் தமிழர் சொல்லும் ‘துரும்பு’ அவற்றோடு ஒத்துப்போகிறது. நம் ‘துருப்பு’ டச்சு வழியே வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. காஃபி காப்பியானதைப் போல ட்ரூஃப் துருப்பாவது இயல்புதான். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு வந்ததையும், சீட்டுக்கட்டின் நான்கு இனங்களில் ஆங்கிலேயர் ‘கிளப்’ என்னும் இனத்தை நாம் டச்சுக்காரரைப் போலக் ‘கிளாவர்’ என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பொருள் விளங்க வேண்டுமானால், தெப்பக்குளத்து நிழலில் துண்டை விரித்து ‘இருபத்தெட்டு’ என்னும் சீட்டாட்டம் ஆடுகிறவர்கள் அகப்பட்டால் சற்று நின்று பாருங்கள். சீட்டு 32, ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, நான்கு இனங்களுக்கும் கூட்டினால் 28. அதிகப் புள்ளி கேட்டவர் துருப்பு இனத்தை மனத்துக்குள் முடிவு செய்து, அதில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். இறக்கிய இனம் கையில் இல்லாத ஒருவர் துருப்பைக் காட்டச் சொல்லும்வரை, அது ஆட்டினா (ஹார்ட்ஸ்) கிளாவரா என்பது வைத்தவருக்கு மட்டுமே தெரியும். காட்டிய பிறகோ, ஒரு புள்ளியும் பெறாத துருப்பு ஏழு, வேற்றினத்து ஜாக்கியையே வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே துருப்புச் சீட்டு என்பது பெரிய சீட்டு அன்று. சிறியதாயினும் அந்த ஆட்டத்தில் வெட்டும் உரிமை பெற்ற சீட்டு. கடைசிவரை மறைத்து வைப்பது என்ற சாயல் நம் வழக்கில் ஒட்டிக்கொண்டதற்கு, இந்தக் கவிழ்த்த சீட்டே காரணம் என்று கருதுகிறேன். சுவரெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும் நட்சத்திர வேட்பாளரைக் கட்சியின் துருப்புச் சீட்டு என்று எழுதுகிறார்கள். அவரிடம் மறைக்க என்ன இருக்கிறது? பேச்சு முற்றும்வரை உங்கள் பெரியப்பா மடித்து வைத்திருந்த பத்திரத்துக்கு அத்தொடர் கச்சிதமாகப் பொருந்துகிறது.