சாம்பல் நிறம் துயரமா?
காரைக்குடி வீட்டு வளவில் மாட்டியிருக்கும், பிரெஞ்சு ஓவியர் பிசாரோவின் மோன்மார்த் பெருஞ்சாலைக் குளிர்காலக் காலை ஓவியத்தின் அச்சுப்படம் சாம்பலாகவே இருப்பதால், அது துயரத்தைச் சொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1897இல் பாரிஸ் விடுதியொன்றின் சன்னலிலிருந்து அவர் அதே சாலையை வெவ்வேறு பொழுதுகளிலும் வெளிச்சங்களிலும் 14 முறை வரைந்தார். ஆகவே இந்தச் சாம்பலும் நீலமும் முதலில் மேகமூட்டத்தின் நிறங்கள், அதன் பிறகே மனநிலையின் நிறங்கள். இலையுதிர்ந்த மரங்களின் கீழே வண்டிகளும் மனிதர்களும் எவ்வளவு நெருக்கமாக நகர்கிறார்கள் என்று பாருங்கள்: குளிர் இருக்கிறது, ஆனால் ஊர் ஓயவில்லை. மஞ்சள் விளக்கொளியில் நீலச்சாயல் மங்கிவிடும் என்பதால், படத்தை ஒருமுறை முற்றத்தோரம் கொண்டுவந்து காலை நிழலில் பாருங்கள். நேர்வெயில் மட்டும் வேண்டாம், அச்சு வெளுத்துவிடும்.